சிரித்தால் மடங்கும் கால்

அக்கா,

கோபம் ஆறியிருக்காது, தெரியும். கிழித்துப் போடுவதற்கு முன் படித்துவிடு.

அன்று உன் வீட்டில் சித்தப்பா தும்முவதை நீ நடித்துக் காட்டினாய். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு எழுந்து போனேன். "மேடம் இப்ப பெரிய ஆளு, நம்ம ஜோக்கெல்லாம் எடுபடாது" என்று நீ சொன்னது குளியலறைக்குள் கேட்டது. நான் உள்ளே தரையில் விழுந்து கிடந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தால் முழங்கால் மடங்கிவிடும். சொன்னால் நீ சிரிப்பாய், உன்னைப் பார்த்து நானும் சிரிப்பேன், மறுபடி விழுவேன். எப்படிச் சொல்வது?

துணிக்கடையில் பில் போடும்போதே தூங்கிவிடுவேன். சோம்பேறி என்றார் முதலாளி. நடிப்பு என்றார் மாமியார். போன மாதம் ஒரு நரம்பு டாக்டரிடம் அந்தத் தூக்கத்தை மட்டும்தான் சொன்னேன். அவராகவே, "சிரிச்சா கால் மடங்குமாம்மா?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்.

இரண்டும் ஒரே வியாதியாம். தீராதாம், மாத்திரையில் கொஞ்சம் அடங்குமாம். முதலாளியிடமும் அவரே பேசினார். இப்போது மதியம் துணிக்கட்டுகளுக்கு நடுவே ராஜா மாதிரி ஒரு தூக்கம் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. மெத்தையைத் தரையில் விரித்து வைக்கிறேன். அந்தத் தும்மலை முதலிலிருந்து செய்து காட்டு. நான் சரிந்தால் பதறாதே, நிறுத்திவிடவும் செய்யாதே. வாய்தான் பேசாது. காது கேட்டுக்கொண்டே இருக்கும்.

நீ பெயர் வைத்த அதே
தூங்குமூஞ்சி