ஏரிப் பாதையிலேயே ஓடு

மகளே,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவி உன் ஷூவுக்குள்.

விடியலில் பெண்பிள்ளை ஏரிப் பாதையில் ஓடுவது ஆபத்து என்று நேற்று பிரசங்கம் செய்தேன் அல்லவா? நீயும் கோபத்தில் இன்று போகாமல் படுத்துவிட்டாய். என் பேச்சை நிரூபிக்க நானே போய் மரத்தடியில் நின்று நோட்டம் விட்டேன். நடக்க வந்த அம்மாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். “யாருய்யா நீ? பொண்ணுங்க ஓடுற இடத்துல உனக்கென்ன வேலை?” காவலாளி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அப்பாடா என்றிருந்தது. தாராளமாக அங்கேயே ஓடு.

திரும்பும்போது மேம்பாலத்தடியிலும் நின்று பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மட்டும் போகாதே.

பி.கு.: என் குடை அந்த அம்மாக்களிடம் மாட்டிக்கொண்டது. நாளை வாங்கி வா. “எங்கப்பாதான்” என்று சொல்ல வெட்கப்படாதே.