ஏழு பிரதிகள்

செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தை

பல்கலைக்கழகம் ஒருநாள் என்னைத் தேடி வரும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். இன்று வந்தது, அண்ணன் மகள் தர்ஷினியின் உருவில். கந்தோர்களில் கடிதம் எழுதுகிறவர்கள் எழுதியதை எப்படித் திருத்துகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் கந்தோரிலிருந்து எழுதும் கடிதங்களைச் சுங்கத்தில் எழுந்து நின்றுதான் வாசிப்பார்கள். என்னை விட்டால் வேறு யார்?

"சித்தப்பா, ஒரு கடிதத்த எத்தின தரம் திருத்துவீங்கள்?"

"ஏழு தரம். குறைஞ்சா நித்திரை வராது."

"அப்ப பேட்டி மட்டும் காணாது. வாயால எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவினம். அந்த ஏழு பிரதியையும் வாங்கி, ஒவ்வொரு வெட்டும் ஏன் எண்டு அடுத்த நாளே கேக்கவேணும்."

"அதைத்தான் நானும் சொல்ல இருந்தனான்" என்றேன்.

நாளை காலை அந்தத் திட்டத்தைத் தன் பேராசிரியரிடம் கொடுக்கிறாள். ஏழு பிரதிகளை நம்பித்தான் முழுத் திட்டமும் நிற்கிறது.

அவள் போன பிறகு, நான் உண்மையில் எப்படித் திருத்துகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே மூச்சில் எழுதி, டைப் பண்ணும் பரீனாவிடம் கொடுப்பேன். திரும்பி வரும்போது கடிதம் பாதியாகச் சுருங்கி, மரியாதையாக இருக்கும். எதை வெட்டுகிறாள், ஏன் வெட்டுகிறாள் என்று பதினொரு வருடமாக நான் கேட்டதேயில்லை. இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது.

விடிந்ததும் தர்ஷினிக்குச் சொல்லவேண்டும், பரீனாவுக்குப் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லி. ஏழு பிரதி கிடையாது. ஒன்றுதான். அதையும் நான் திருப்பி வாசிப்பதில்லை.