கழக்கூட்டத்து ஃபிளாட்டைக் கழுவிவிட்ட கதை

கரமனை
19 ஜூன் 2009

சௌபாக்கியவதி விஷ்ணுப்ரியாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நான், அப்பா, அப்பாவின் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் முகுந்தனும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முந்தாநாள்தானே ஃபோனில் பேசினாள், இப்போது எதற்குக் கடிதாசு என்று நினைப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறக்கும் முன்னே அப்பா பிடுங்கி, அங்கே என்ன மணி, என்ன சமையல் என்று கேட்டே கார்டைத் தீர்த்துவிடுகிறார். எனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதியும் ஒரு அசட்டுத்தனமும் இருக்கிறது. அசட்டுத்தனத்திலிருந்துதான் நல்ல சேதியே பிறந்தது, அதனால் வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது, தீபாவளிக்குள் கழக்கூட்டத்து ஃபிளாட்டை விற்றால்தான் பாங்குக் கடன் கழுத்தை நெரிக்காது என்று நீ அழுதுகொண்டே சொன்னாயே, அன்றையிலிருந்து எனக்குக் காப்பிகூட ருசிக்கவில்லை. இங்கே நிலவரம் உனக்குத் தெரியாது. டெக்னோபார்க் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கழக்கூட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பால்கனிக்கு பால்கனி துணி தொங்குகிறதோ இல்லையோ, விற்பனைக்கு என்று போர்டு தொங்குகிறது. நீ ஏற்பாடு பண்ணின புரோக்கர் ஸ்ரீகண்டன் பாவம், நல்ல பையன், ஆனால் அவன் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் ஏசி ஆபீஸுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே வந்து, தட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள். ஒரு அம்மாள் ராத்திரி சத்தம் இருக்குமா என்று கேட்டாள். ஹைவேயில் லாரி போகாமல் பின்னே ஆனையா போகும், விடிய விடிய சத்தம்தான் என்றேன். வந்த வழியே போய்விட்டாள். ஸ்ரீகண்டன் தலையில் கை வைத்துக்கொண்டு, பொன்னு மாமி, இனி ஆரு வந்தாலும் மாமி ஒந்நும் பறயண்டா, சிரிச்சா மதி என்று கும்பிட்டான். நான் வாயைத் திறக்காமல் சிரித்தால் போதுமாம். பொய் சொல்லி வீடு விற்றால் அது வாங்கினவனுக்கும் தங்காது, விற்றவனுக்கும் தங்காது என்றேன். அவன் அதற்கும் கும்பிட்டான்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் கிழக்கே கோட்டையில் பஸ் மாறிப் போய், ஜன்னலெல்லாம் திறந்து, குழாயை எல்லாம் ஒருதரம் ஓடவிட்டு, வாசலில் கோலம் போட்டு விளக்கேற்றிவிட்டு வருவது உனக்குத் தெரியும். பூட்டியே கிடந்தால் வீட்டுக்கும் மனசு விட்டுப்போகும். போன வெள்ளிக்கிழமை எர்ணாகுளத்திலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள், சீரியஸ் பார்ட்டி என்று ஸ்ரீகண்டன் சொல்லியிருந்தான். சரி, பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பெண்ணைக் குளிப்பாட்ட மாட்டோமா, வீட்டையும் நன்றாகக் கழுவிவிடுவோம் என்று விடியற்காலமே போய்விட்டேன். நம் வீட்டில் எப்படி? ரேழியில் நாலு வாளி விட்டு விளக்குமாற்றால் தள்ளினால் கூடம், இரண்டாங்கட்டு, முற்றம் என்று ஓடிக் கொல்லையில் தென்னை மூட்டில் போய்ச் சேரும். அதே கை, அதே பழக்கம். வாளி வாளியாக ஹாலில் கொட்டிப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே போகிறேன், போகிறேன், தண்ணீர் போக ஒரு ஓட்டையைக் காணோம்! உன் ஹாலில் தண்ணீர் வெளியேற வழியே கிடையாதுடி. அத்தனை லட்சம் வாங்கினவன் சுவரில் ஒரு துவாரம் வைக்க மறந்துவிட்டான் என்றே நினைத்தேன். ஃபிளாட்டில் யாரும் தரையைக் கழுவ மாட்டார்கள், துடைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தண்ணீர் சும்மா இருக்குமா, வாசல் நிலையைத் தாண்டி, என் கோலத்தையும் அழித்துக்கொண்டு, மாடிப்படியில் ஜோராக இறங்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு இல்லை, லிஃப்ட் இல்லை, எர்ணாகுளத்துத் தம்பதி படியேறி வந்துகொண்டிருக்கிறார்கள். அந்த மனுஷன் ஷூவோடு தண்ணீரில் நின்றான், அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதெந்தா லீக்கோ என்று ஒரு வார்த்தை கேட்டாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டார்கள். ஸ்ரீகண்டன் நனைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என் குழந்தையின் வியாபாரத்தை நானே தண்ணீரில் விட்டேனே என்று விளக்குமாற்றோடு நின்றேன். அப்போது கீழ் மாடியிலிருந்து ஒரு அம்மாள் நைட்டியும் தோளில் துண்டுமாக ஏறி வந்தாள். என்னம்மோ, பேச்சிப்பாறை அணையவா தொறந்து விட்டிருக்கிய, எஞ் செருப்பெல்லாம் மிதக்குவு என்று ஒரு சத்தம் போட்டாள் பார், நான் ஆடிப்போய்விட்டேன். நான் அழுகிற மாதிரி நிற்பதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, செரி செரி, வயசான காலத்துல வழுக்கி விழுந்திராதேயும் என்று சொல்லி, என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி அவளே தள்ள ஆரம்பித்தாள். பெயர் எலிசாள். மார்த்தாண்டத்துக்காரி, குவைத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், பெண்ணுக்கு டெக்னோபார்க்கில் வேலை, வேலை போகாத அதிர்ஷ்டசாலிகளில் ஒருத்தி. இரண்டு பேரும் குனிந்து பிழிந்து பிழிந்து துடைத்து முடித்து, நான் ஃபிளாஸ்கில் கொண்டுபோன காப்பியைப் பங்கு போட்டுக் குடித்தோம்.

காப்பி பாதியில் அவள் சட்டென்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்து கீழே ஓடினாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தாளாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க வந்து, இத்தற தண்ணி விட்டிருக்கிய, ஒரு சொட்டு எனக்க மச்சுல எறங்கல்ல கேட்டேளா, சீலிங்கு காஞ்சு கெடக்குவு என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயம். இதற்கு முன்னே குடியிருந்த வீடுகளிலெல்லாம் மேலேயிருந்து ஒழுகி ஒழுகி, கட்டிலை அறைக்கு அறை இழுத்துப் போட்டு அலுத்துப்போனவள். இப்போது இருக்கிறது நல்ல வீடு, ஆனால் அதன் சொந்தக்காரர் விற்க மாட்டேன் என்கிறாராம். அதனால் உன் ஃபிளாட்டைத் தானே வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மறுநாள் இடவப்பாதி மழை கொட்டு கொட்டென்று கொட்டும்போது என்னை வரச்சொல்லி, டார்ச் அடித்து ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தாள். லாரிச் சத்தம் உண்டு என்று நானும் சொல்லிவிட்டேன். வார்டுல முப்பது வருஷம் ஒறங்குனவளுக்கு லாரி ஒரு சத்தமா என்று சிரித்தாள். நீ வாங்கின விலைக்குக் கொஞ்சம் கீழேதான் சொல்லியிருக்கிறாள், இந்த மார்க்கெட்டில் இது லாட்டரியாக்கும் மாமி என்று ஸ்ரீகண்டன் குதிக்கிறான். நான் நீ சொன்னதற்குக் கீழே போகவில்லை, பயப்படாதே. பவர் ஆஃப் அட்டர்னி மட்டும் உடனே அனுப்பு.

இனி மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பூட்டும்போது எனக்கு அழுகை வந்தது. ஃபிளாட்டுக்காக இல்லை. போன தடவை நீங்கள் வந்தபோது, மழையில் குடை பிடித்துக்கொண்டு கொல்லைக் கடைசியில் இருக்கிற கக்கூஸுக்குப் போக மாட்டேன், அங்கே தவளை இருக்கிறது என்று முகுந்தன் ஊரைக் கூட்டினானே, இரண்டாம் நாளே ஹோட்டலுக்குப் போய்விட்டீர்களே, அப்புறம்தானே வந்தால் தங்க நமக்கென்று ஓர் இடம் என்று அந்த ஃபிளாட்டை வாங்கினாய். அது போனால் நீ இனி வருவாயா என்ற பயம்தான் எனக்கு. வெளியே சொல்லாமல் அதோடேயே வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவிடம் ஃபிளாட் விலைபோகப் போகிறது என்றேன். விற்றுத் தொலை என்று தினமும் சொன்னவர்தானே, சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் பிளம்பர் பூதலிங்கம் டேப்போடு வந்து நிற்கிறார். மோட்டார் ரிப்பேர் என்று நினைத்தேன். இரண்டு பேரும் மாடி அறைக்கு ஏறினார்கள். பின்னாலேயே போனால், உன் அப்பா ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மூலைக்கு நேர் கீழே பூஜையறை வருகிறதா என்று அளந்துகொண்டிருக்கிறார்! நான் கால் முறிந்து கிடந்த காலத்தில், வீட்டுக்குள்ளேயே ஒரு கக்கூஸ் கட்டுங்கள் என்று கெஞ்சினதற்கு, சுவாமி இருக்கிற கூரைக்கு அடியிலா, பிரளயமே வந்தாலும் நடக்காது என்று நின்ற மனுஷன். அதைச் சொல்லிக் காட்டினேன், விடுவேனா? பூஜை கீழே கிழக்கு, இது மேலே மேற்கு, நடுவிலே மச்சு இருக்கு, சாஸ்திரத்துக்கு ஒரு கேடும் இல்லே என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, ஃபிளாட் போனா என்னடி, கொழந்தை வந்து எறங்க ஒரு இடம் வேண்டாமா என்றார். நான் போய்க் கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

வெஸ்டர்ன் கிளாசெட், ஹீட்டர் எல்லாம் பேசியாயிற்று. இன்று காலை பூதலிங்கம் வாஷ்பேசினைப் பேரன் கைக்கு எட்டும்படி வைக்கட்டுமா, பிள்ளைக்கு என்ன உயரம் இருக்கும் என்று கேட்டார். அப்பா தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். நான் அதற்கு மேலே மார்பில் வைத்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை, பிரியா. பூதலிங்கம் சுவரில் பென்சிலால் ஒன்றும் போடாமலே, கேட்டுச் சொல்லுங்க என்று போய்விட்டார்.

மாப்பிள்ளையைத் தைரியமாக இருக்கச் சொல், வேலை போனவனுக்குத்தான் வேலை வரும். ராத்திரி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். கரமனை சிவன் உங்கள் மூவரையும் ஒரு குறைவும் இல்லாமல் காக்கட்டும். பவர் பேப்பர் எப்போது வந்தாலும் சரி, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே முகுந்தனைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்து எழுது. அடுத்த லீவுக்குள் இன்னும் எவ்வளவு வளர்வான் என்றும் சேர்த்துச் சொல், பேசினை அந்த உயரத்தில் வைக்கச் சொல்கிறேன்.

உன் அம்மா,
நாகலக்ஷ்மி