ஜன்னலுக்கு வெளியே பத்தாவது ஆள்

வில்லோபர்ன், விக்டோரியா மாகாணம், ஆஸ்திரேலியா
12 ஆகஸ்ட் 1958

அன்புள்ள அம்மாவுக்கு, ஆஷர் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். முட்டிவலி குறைந்ததா?

அப்பாவின் நினைவுநாள் ஜெபத்தைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பத்து ஆண்கள் வேண்டுமே. இந்த ஊரில் யூத ஆண்களே என்னையும் சேர்த்துப் பத்துப் பேர்தான். அதில் மெண்டல், தலைவர் லாஸ்கரோடு சண்டை போட்டுப் பதினெட்டு வருஷமாக ஜெபக்கூட வாசற்படியை மிதிப்பதில்லை. கணப்பு அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் சண்டை. கூடத்தின் நூறு வருஷ வரலாற்றை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பழைய குறிப்பேடுகளில் முக்கால்வாசி இதே மாதிரிச் சண்டைகள்தான். எரிச்சலாக வருகிறது. எழுதி முடித்ததும் ஊரைவிட்டே கிளம்பிவிடலாம் என்றிருந்தேன்.

மெண்டலிடம் போய்க் கெஞ்சினேன்.

"உள்ள வரமாட்டேன். ஜன்னல்ல மூஞ்சிய காட்டுறேன். நம்ம சட்டப்படி அதுவும் ஒரு ஆள்தான்" என்றார்.

சொன்னபடியே மழையில் வந்து நின்றார். லாஸ்கர் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம், "வெளிய நிக்கிறவன தொப்பிய நேரா வைக்கச் சொல்லுப்பா" என்றார்.

நான் ஜெபம் சொல்லி முடித்தபோது, "ஆமென்" ஜன்னல் பக்கமிருந்துதான் பலமாகக் கேட்டது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அப்பாவின் கம்பளி மஃப்ளரை அனுப்பிவையுங்கள். எனக்கில்லை, மெண்டலுக்கு. அடுத்த வருஷமும் அவர் வெளியேதான் நிற்பார். நானும் இங்கேதான் இருப்பேன் போலிருக்கிறது.

உங்கள் ஆஷர்