மூன்றாம் மாடியின் மோஸ்ட் ப்ரிஃபர்ட்

30 ஜூன் 2025, திங்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி சிந்துஜா காட்டிக்கொடுத்தபடி மைக்கை அமுக்கிவிட்டுப் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போடுகிறதாம்.

இன்று நான் சாவி எடுத்துக் கொடுக்கிற லாட்ஜில் பன்னிரண்டு கதவுக்கும் இங்கிலீஷ் போர்டு மாட்டினார்கள். முதலாளி அப்துல் பாயின் மகன் ஃபைசான் தம்பி சென்னையில் படித்துவிட்டு வந்து செய்கிற முதல் மாற்றம். பிரீமியம், டீலக்ஸ், ஃபேவரிட் என்று ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டினார். அர்த்தம் கேட்டேன். எதைக் கேட்டாலும் எல்லாருக்கும் பிடித்தது, முதலில் கேட்பது என்றே சொன்னார். பதினோரு ரூமும் எல்லாருக்கும் பிடித்ததென்றால் பிடிக்காதது எது? கீழே இரண்டாம் நம்பர். அதற்கு மட்டும் எகானமி. வசதி கம்மி என்று அர்த்தமாம். மூன்றாம் மாடி பன்னிரண்டாம் நம்பருக்கு மோஸ்ட் ப்ரிஃபர்ட். ஜன்னலைத் திறந்தால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் சுற்றிவருகிற மலை. லிஃப்ட் கிடையாது.

2 ஜூலை, புதன்

பன்னிரண்டு போர்டும் மனப்பாடம். தம்பி நடுவில் நடுவில் கேட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்குச் சந்தோஷப்படாமல் ஏன் முகத்தைச் சுளித்தார்?

4 ஜூலை, வெள்ளி

தெரிந்துவிட்டது. என் ஸ்டூலுக்கு மேலே சாவி மாட்டும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டார். முப்பத்தெட்டு வருஷ ஆணி. சாவியெல்லாம் இனி கவுண்டருக்குள்ளே. யாருக்கு எந்த ரூம் என்று கம்ப்யூட்டர் சொல்லும், படிக்கத் தெரிந்தவர் எடுத்துக் கொடுப்பார்.

"பௌர்ணமி முடிஞ்சதும் வீட்ல ரெஸ்ட் எடுங்க தாத்தா" என்றார், அல்வா கொடுக்கிற மாதிரி.

வீட்டில் என்ன இருக்கிறது எனக்கு? டிவி. அதுவும் மருமகள் கையில். பாயிடம் போய் நின்றேன். இந்தப் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்றார். மகன் பேச்சைத் தட்ட மாட்டார் அவர்.

9 ஜூலை, புதன்

நாளை பௌர்ணமி. ரூம் எல்லாம் நிறைந்துவிட்டதாம்.

10 ஜூலை, வியாழன்

கீழ்பென்னாத்தூர் முருகவேல், அம்மா பச்சையம்மாளுக்காகப் பன்னிரண்டாம் நம்பரை போனிலேயே எடுத்திருந்தார். இருப்பதிலேயே நல்லதாக எடுக்க நினைத்திருக்கிறார், பாவம். அந்தம்மா விடியற்காலையில் கிளம்பி மலையைச் சுற்றி முடித்து, பத்து மணிக்கு வெறுங்காலோடு வந்தார். ஐந்து படி ஏறினார். ஆறாவதில் உட்கார்ந்துவிட்டார். மகன் கெஞ்சினார், மேலே போனால் மலை தெரியுமாம் என்று.

"காலைலேர்ந்து அந்த மலையத்தான்டா சுத்திக்கினு வரேன். அந்த ரூமு யாருக்குப் புடிச்சதோ அவங்களே ஏறட்டும். நான் இங்கியே படுத்துக்கறேன்."

தம்பி போனில் இருந்தார். நான் கவுண்டருக்குள் போய் இரண்டாம் நம்பர் சாவியை எடுத்தேன். படிக்க வேண்டியதில்லை, அந்தச் சாவிக்கு ஒரு பல் உடைந்திருக்கும். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் சித்ரா பௌர்ணமி நெரிசலில் உடைந்தது. இரண்டாம் நம்பருக்குப் படி இல்லை. வாசலிலேயே குழாய். சுற்றிவிட்டு வருகிற வயசானவர்களுக்கு அன்றிலிருந்து இன்றுவரை அதைத்தான் கொடுக்கிறேன். பதினாலு கிலோமீட்டர் நடந்த காலுக்கு எது பிடிக்கும் என்று, ஒரு தடவைகூட நடக்காத தம்பிக்கு எப்படித் தெரியும்?

போனை வைத்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டத்துல அது வேற பேர்ல இருக்கு தாத்தா. யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"அந்தம்மா காலைக் கேட்டுக் குடுத்தேன், தம்பி."

சொல்லியிருக்கக் கூடாது. வாய். போச்சுடா, வேலை இன்னையோட சரின்னு நெனச்சேன்.

பதினோரு மணிக்கு அந்த வேற பேர்க்காரர்கள் வந்தார்கள். காரில் வந்த இரண்டு பையன்கள். பன்னிரண்டைக் காட்டியதும் படியை மூன்று மூன்றாகத் தாவி ஓடினார்கள். மேலேயிருந்து போட்டோ எடுக்கிற கும்மாளம் கீழே கேட்டது. பச்சையம்மாள் குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்த பௌர்ணமிக்கும் இதே ரூமைச் சொல்லி வைக்கும்படி மகனை விரட்டினார். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேர் படியில்லாத ரூம் கேட்டுவிட்டுப் போனார்கள். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார்.

11 ஜூலை, வெள்ளி

பௌர்ணமி முடிந்தும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். தம்பி ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

13 ஜூலை, ஞாயிறு

மோஸ்ட் ப்ரிஃபர்ட் இரண்டாம் நம்பருக்கு இறங்கிவிட்டது. எழுத்து வளைவிலேயே அடையாளம் தெரிந்தது.

தம்பி நோட்டோடு வந்து ரூம் ரூமாக என்னைக் கூட்டிப்போனார். எது யாருக்குச் சரிப்படும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மோட்டார் சத்தம் கேட்கும் ஏழாம் நம்பருக்கு என்ன போர்டு வைக்கலாம் என்றார்.

"பெஸ்ட் ஃபார் செவிடுன்னு போடுங்க."

எழுதவில்லை. ஆனால் சிரித்துவிட்டார், வந்த நாளிலிருந்து முதல் தடவையாக.

கடைசியில் என் ஸ்டூல்கிட்ட வந்து நின்றோம். இதுக்கு என்ன போர்டு தாத்தா என்று கேட்டார். அதுக்கு எதுக்கு போர்டு என்றுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஸ்டூலுக்கு மேலே பன்னிரண்டு ஆணி. கொஞ்சம் கோணலாகத்தான் அடித்திருக்கிறார். சாவிகளை மாட்டிவிட்டேன்.