ஆடி அமாவாசைக் கற்பூரம்

மேல்கடுக்காப்பட்டு,
கல்வராயன் மலை.
சனிக்கிழமை.

கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் என் பேரன் ஜீவாவுக்கு ஆயா கொளஞ்சியம்மாள் எழுதுவது. இங்கே மழை உண்டு. மாடு சினையாக இருக்கிறது. என் முட்டி வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி என்று எழுது.

முதலில் நல்ல சேதி எழுதுகிறேன். உன் அத்தை மகள் தேவதர்ஷினி நர்சிங் இரண்டாம் வருஷம் பாஸ் பண்ணிவிட்டாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நரம்பே அகப்படாத ஒரு கிழவிக்கு இவள் முதல் குத்திலேயே ஊசி ஏற்றிவிட்டாளாம். பெரிய நர்ஸ் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, இவள் கையைப் பாருங்கள் என்று காட்டினாராம். உன் தங்கை சுபஸ்ரீ மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்தாள். வெறுங்காலோடு ஓடினாள். ஜெயித்த பிறகுதான் ஷூ கொடுத்தார்கள். அதைப் போட்டால் கால் கடிக்கிறது என்று அடுப்பு மேடையில் சாமி மாதிரி வைத்திருக்கிறாள்.

உன்னைப் பற்றி உனக்கே நான் எழுத வேண்டுமா? எழுதத்தான் வேண்டும். பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. இந்தப் பக்கத்தில் இஞ்சினியர் படிப்புக்குப் போன முதல் பிள்ளை. அதற்கு முன்பே, அரும்பு மீசைகூட வராத வயதில், ஊருக்கெல்லாம் பேங்க் பாரம் எழுதிக் கொடுத்தவன் நீ. ஏ.டி.எம். கார்டு வந்தபோது எல்லார் உறையிலும் ரகசிய நம்பரைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தவனும் நீதான். கொளஞ்சியம்மா பேரன் எழுதினால் தப்பு வராது என்று கிழங்குக் காட்டில் பேசிக்கொள்வார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் என் நடை கொஞ்சம் மாறிவிடும்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நம் ஊரில் டவர் கிடைப்பது அந்த யானைப் பாறை மேல்தான். அங்கே நின்று பேசினால் கீழே களை வெட்டுகிறவர்கள் வரைக்கும் கேட்கும். நீயும் இப்போது போன் எடுப்பதில்லை. தேவதர்ஷினி ஒரு தடவை பிடித்தபோது, "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆயா கார்டை யாராண்ட குடுத்துச்சோ" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை நான் யாரையும் வைத்து எழுதவில்லை. என் கையெழுத்துத்தான். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். நூறு நாள் வேலைச் சம்பளமோ முதியோர் பணமோ ஏறியதும் ஊர்க் கார்டையெல்லாம் டெம்போக்காரன் பாவாடையிடம் கொடுப்போம். அவன் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் போகும்போது மெஷினில் எடுத்து, அவரவர் பணத்தை அவரவர் கார்டோடு ரப்பர் பேண்டு போட்டுச் சாயந்திரம் கொண்டுவந்து தருவான். அவனுக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. அதனால் உறைதான் அடையாளம். சாலம்மாள் உறையில் மாரியம்மன் படம். என் உறையில் நீ பத்தாவதில் எடுத்த போட்டோ. இத்தனை வருஷத்தில் ஒரு நோட்டு குறைந்ததில்லை. டீ குடிக்கச் சில்லறை எடுத்துக்கொள்ளடா என்றாலும், "மெஷின்ல சில்லறை வராது ஆயா, மெஷினாண்ட போயி சண்ட போடு" என்று சிரிப்பான்.

ஆனி மாசம் பாவாடை என் கார்டை மட்டும் பணம் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்தான். முகம் செத்துப்போயிருந்தது. "ஆயா, கணக்குல ஒண்ணுமே இல்லன்னு வருது. ரெண்டு மெஷின்ல பாத்துட்டேன்" என்றான். கூரை மாற்றுவதற்காக நான் தொடாமல் விட்டிருந்த பணம் அது. மறுநாள் அவன் டெம்போவிலேயே முன் சீட்டில் உட்கார்ந்து பேங்குக்குப் போனேன். அவனைப் போய் யார் சந்தேகப்பட்டார்கள், அப்போது?

பேங்கில் ஒரு அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பாட்டி, யாரும் மெஷின்ல எடுக்கல. எல்லாம் கேம் விக்கிற ஒரு கடைக்குப் போயிருக்கு. வைகாசியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கினே இருக்கான். அது பொய்க் கடை. பாதி வெலைன்னு போட்டு ஆளக் கூப்புடுவான். கார்டு நம்பரு, பின்னாடி இருக்கிற மூணு நம்பரு, எல்லாத்தையும் ஒரு தடவ வாங்கி வெச்சிக்கினா போதும். வெளிநாட்டுக் கடைன்றதால அப்பறம் மெசேஜ் நம்பர்கூடக் கேக்க மாட்டான். வெளிநாட்டுக்கும் பணம் போலாம்னு இந்தக் கார்டுல யாரோ தொறந்து விட்டிருக்காங்க" என்றார். உடனே என் கார்டை நிறுத்தினார். 1930 என்கிற போலீஸ் நம்பருக்கும் அவரே பேசிப் புகார் வைத்தார். பணம் திரும்பினால் திரும்பும், நிச்சயமில்லை என்றார். உறையில் பென்சில் எழுத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்புறம் கேட்டார். "வூட்ல யார் பாட்டி கேம் ஆடறது?"

ஜீவா, எனக்கு அந்த நேரத்தில் மாட்டுப் பொங்கல் அன்றைக்கு யானைப் பாறை மேல் வெயில் அடித்ததுதான் ஞாபகம் வந்தது. மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்த கையோடு நீ என்னை மேலே கூட்டிக்கொண்டு போனாய். உன் கார்டு இன்னும் வரவில்லை, என் கார்டைக் கொடு என்றாய். பாறை மேல் வைத்து முன்னும் பின்னும் போட்டோ எடுத்தாய். இன்னாடா வாங்கறே என்று கேட்டதற்கு, "துப்பாக்கிக்குச் சட்டை ஆயா, கேம்ல. பாதி வெலைக்குத் தரான்" என்றாய். துப்பாக்கிக்கு எதுக்குடா சட்டை, குளுருதாமா என்று நான் கேட்க, நீ சிரித்துச் சிரித்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாய். என் போனுக்கு மெசேஜ் வந்தது. அதில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துச் சொன்னவள் நான்தான். படிக்கத் தெரியும் என்ற பெருமையில் படித்தேன். நீ அன்றைக்கே அந்தக் காசை நோட்டாக என் மடியில் வைத்தாய். நீ திருடவில்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சொல்வேன்.

ஆனால் பேங்கில் அந்த அம்மா கேட்டபோது என் வாய் திறக்கவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கினவன் பெயரை அந்தக் கண்ணாடி ஜன்னலில் எப்படிச் சொல்வேன்? சரி, கார்டு வேறு யார் கைக்காவது போகுமா என்றார். அதற்குப் பதில் இருந்தது. பாவாடை என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். வரிசையில் எனக்குப் பின்னால் சாலம்மாள் நின்றிருந்தாள்.

நாங்கள் மலை ஏறுவதற்குள் அவள் வேறு வண்டியில் முந்திவிட்டாள், சேதியும் ஏறிவிட்டது. "கேம் கடைக்குத்தான் போச்சாம் பணம். இவன் எந்நேரமும் போனுல தாயம் உருட்டிக்கினு கெடக்கறானே, வேற யாரு?" என்று சாலம்மாள் குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழங்கு ஏற்றக் காத்திருக்கும்போது அவன் தாயக்கட்டம் ஆடுவது உண்மைதான். தாயம் ஆடுகிறவன் துப்பாக்கிக்குச் சட்டை வாங்குவானா என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அவன் டெம்போவில் யாரும் கிழங்கு ஏற்றுவதில்லை. கீழேயிருந்து வேறு வண்டி வருகிறது. கார்டையெல்லாம் அவரவர் இடுப்பில் முடிந்துகொண்டு திரிகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி, வருகிற ஆடி அமாவாசை அன்று மாரியம்மன் கோயிலில் பாவாடை கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். போனது என் பணம், எனக்கு வேண்டாம், விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கோசரந்தான் ஆயா பண்றோம், நீ சும்மா இரு" என்றார்கள். பாவாடை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடிக்கிறேன், எனக்கு இன்னா பயம்" என்று ஒரே வார்த்தை சொன்னான்.

அவனுக்குப் பயமில்லை. எனக்குத்தான் பயம். குற்றமில்லாதவன் அடித்த கற்பூரம் சும்மா அணையாது, யாரால் வந்ததோ அவன் வீட்டைத் தேடிப் போகும் என்பது உனக்கும் தெரியும். காலேஜ் படித்த நீ சிரிப்பாய். நான் சிரிக்க முடியாது. நம் வீடு அந்தக் கோயிலிலிருந்து எத்தனை தூரம்?

பாவாடை பெண்டாட்டி பெரியநாயகி முந்தாநாள் வந்தாள். உட்காரடி என்றேன், உட்காரவில்லை. "எங்க வூட்டுப் புள்ளைங்கள ஸ்கூல்ல திருடன் புள்ளன்றாங்க ஆயா. நீ ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும். நீ ஏன் வாயத் தொறக்க மாட்டேன்ற?" என்று கேட்டாள். மோர் குடிக்கிறாயா என்றேன். அவள் போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள், ஆடு வந்துவிடும் என்று. கோபத்தில் வந்தவள் சாத்திவிட்டுப் போனாள்.

பேங்கில் புதுக் கார்டு கொடுத்திருக்கிறார்கள். நேற்று எல்லார் எதிரிலும் அதைப் பாவாடையிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "கற்பூரம் அடிச்சப்பறம் வாங்கிக்கறேன் ஆயா. இப்ப வாணாம்" என்றான். கார்டைத் திரும்ப என் இடுப்பிலேயே முடிந்துகொண்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கடையில் உன் கார்டையும் போட்டு வைத்திருக்கிறாயா? வைத்திருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன்பே பேங்குக்குச் சொல்லி நிறுத்திவிடு. நாம் கடையில் சாமான் வாங்கினால் காசைக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வருகிறோம். நீ பையையே அவன் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறாய். போனில் எதையாவது வாங்குவதென்றால் அதற்குத் தனிக் கணக்கு வைத்து, வேண்டிய அளவு மட்டும் அதில் போட்டு வாங்கச் சொன்னார் பேங்க் அம்மா. போனில் கார்டு போட்டோ இருந்தால் அதையும் அழிக்கச் சொன்னார். உன் கூட்டாளிகள் யாராவது அந்தப் பாதி விலைக்கு ஆசைப்பட்டால் அவர்களுக்கும் சொல்.

பணத்துக்காக இதை எழுதவில்லை, சாமி. கூரை இன்னொரு மழை தாங்கும். ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்திருக்கிறேன். உன்னைத் திட்டவும் எழுதவில்லை. அன்றைக்கு நம்பரைப் படித்த வாய் என்னுடையது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய சட்டை அது. அதை அவன் ஒருத்தன் தலையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அமாவாசை அன்று பாவாடை கற்பூரத்துக்கு மேல் கையை நீட்டுவதற்குள் நான் பேசிவிடுவேன். அது முடிவு. மாரியம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அந்த வார்த்தையை நான் சொல்லி ஊர் கேட்பதா, நீயே வந்து நின்று சொல்லி நான் கேட்பதா என்பதுதான் மிச்சம். நீ சொன்னால் ஊர் ஒரு நாள் பேசும், அப்புறம் படிக்கிற பிள்ளை, மறைக்காமல் சொன்னான் என்று முடித்துவிடும். நான் சொன்னால் உன் பெயரோடு அது ஒட்டிக்கொள்ளும். கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கு. பாவாடை இப்போதும் சவாரி தேடித் தினமும் அங்கே வருகிறான், டெம்போ வெறுமையாகத்தான் ஏறும். முன் சீட்டில் ஏறி உட்கார். அவனிடம் முதலில் சொல்லிவிடு. ஏற்றம் ஏறி முடிக்கும் வரைக்கும் நேரம் இருக்கிறது, போதும்.

இந்தக் கடிதத்தைக் கீழே கொண்டுபோய்ப் பெட்டியில் போடப் போகிறவனும் அவன்தான். யாருக்கு ஆயா என்று கேட்பான். என் பேரனுக்கு என்பேன். பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான்.

நீ நல்லா இருக்கணும், ராசா. கண்ணில் ஒரு தூசி விழாமல், நாலு பேர் எதிரில் தலை நிமிர்ந்து நடக்கணும். மலையாத்தா உன் கூடவே இருக்கட்டும்.

கார்டை வெட்டிப் போட்டபோது பழைய உறையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதில் இருந்த உன் போட்டோ வெளுத்துப்போய் மூக்கும் மீசை இடமும்தான் தெரிகிறது. புது உறை கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதில் நம்பர் எழுதப் போவதில்லை. பாவாடை காதில் மட்டும் சொல்வேன், பேங்க் அம்மா திட்டினாலும் திட்டட்டும். ஆனால் அடையாளத்துக்குப் போட்டோ வேண்டும். அமாவாசைக்கு வந்து போன பிறகு ஒன்று எடு. போனில் அனுப்பாதே, கழுவித் தபாலில் போடு. கண்ணைக் கீழே போடாமல் நேரே பார்க்கிற மாதிரி எடு. பாவாடை வாங்கிக்கொண்டு வந்து தரட்டும்.

அன்புடன் காத்திருக்கும்
உன் ஆயா
கொளஞ்சியம்மாள்