கலங்கரை விளக்கத்தில் எடுத்த படம்

மார்ச் 2

என் செல்ல வாண்டுக்கு,

உனக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. உன் அம்மாவும் நானும் பிரிந்தபோது நீ பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போகிற வயது. அப்புறம் உன்னைப் பார்க்க உன் மாமாக்கள் விட்டால்தானே!

ஒருமுறை இங்கே வா. அந்தக் காலத்துப் பிரபுக்கள் காற்று வாங்க வந்த கடற்கரை ஊர் இது. அவர்கள் கட்டிய மாளிகைகள், கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் சுற்றிக்காட்டுவதுதான் என் பிழைப்பு. உனக்கு மட்டும் டிக்கெட் கிடையாது.

ஆசையுடன்,
அப்பா

மார்ச் 9

அப்பாவுக்கு,

இருபதாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். அழைப்பிதழை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். மேடையில் நீங்களும் நிற்பதற்கு அம்மாவை மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

என்னை அடையாளம் தெரியுமா? படம் அனுப்பட்டுமா?

வாண்டு

மார்ச் 13

வாண்டு,

படம் எதற்கு? பெற்றவனுக்குப் பிள்ளை முகம் தெரியாதா? ஊரே திரண்டு நின்றாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

அப்பா

மார்ச் 22

வாண்டு,

கடைசி பஸ் வரை நின்றேன். இறங்கிய பெண்களையெல்லாம் உற்றுப் பார்த்ததில் ஒருத்தி முறைத்துவிட்டுப் போனாள். உனக்காகப் புது விரிப்பு வாங்கிக் கட்டிலில் போட்டிருந்தேன். வர இஷ்டமில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் அம்மாதான் தடுத்திருப்பாள்.

அப்பா

மார்ச் 28

அம்மாவை ஏன் இழுக்கிறீர்கள்? நான் வந்தேன்.

ஆசை தாங்காமல் காலையிலேயே வந்துவிட்டேன். நீங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று டிக்கெட் வாங்கி, உங்கள் கூட்டத்தோடு முன்வரிசையில் நடந்தேன். இடத்துக்கு இடம் எங்கள் தலைகளை எண்ணினீர்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

மாளிகை வாசலில், பிரபு தன் மகளுக்காக அதைக் கட்டிய கதையைச் சொன்னீர்கள். ஒரு அம்மாள், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"எனக்கேதுங்க பிள்ளைகுட்டி? இந்தக் கலங்கரை விளக்கம்தான் என் பிள்ளை. செலவே வைக்காது!" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். தினமும் சொல்கிற வசனம் போலிருக்கிறது, அவ்வளவு சரளமாக வந்தது.

அப்போதும் எனக்கு மனசு கேட்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் அடியில் போனை நீட்டி, ஒரு படம் எடுக்கச் சொன்னேன். என் முகத்தை நேராகப் பார்த்து, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றீர்கள். சிரித்தேன். மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அழைப்பிதழை வைக்கவில்லை. நீங்கள் வந்தால், மணப்பெண் யார் என்று யாரையாவது கேட்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மேடம்